பில் வேறு, நட்டம் வேறு: பிந்திக் கொடுத்த ஓடருக்குக் காசு வாங்குவது எப்படி

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலை. யாழ்ப்பாணம் நகரத்தில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு அழைப்பெடுத்தார். நான் அங்கே கணக்குப் பார்ப்பவன். பில் விஷயம் என்று தெரிந்ததும் போனை என் கையில் தந்துவிட்டார்கள்.

“தம்பி, தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முதல் தாறம் எண்டு சொன்னியள். ரெண்டு நாள் இருக்கேக்க கொண்டுவந்து இறக்கினியள். பில்லை மட்டும் நேரத்துக்கு அனுப்பிப் போட்டியள். நான் ஒரு சதமும் கட்டமாட்டன்.”

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஓடர் 2,000 கடதாசிப் பைகள். கடையின் பெயர் மட்டும் அச்சிட்டது 1,500, ஒன்று 80 ரூபாய். பெயரோடு தீபாவளி வாழ்த்தும் அச்சிட்டது 500, ஒன்று 90 ரூபாய். மொத்தம் 165,000 ரூபாய். முற்பணமாக 65,000 தந்திருந்தார். மிச்சம் சரியாக ஒரு லட்சம். பைகள் எட்டு நாள் பிந்தித்தான் போனது.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாரார், “சாமான் தந்தாச்சு, காசு தாங்கோ” என்று முறுக்குவார்கள். மறு சாரார், பிந்திவிட்டோமே என்ற கூச்சத்தில் பில்லைக் கேட்கவே மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, “அவர் தரமாட்டார் போல” என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு சாராரும் இரண்டு கணக்கை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வாடிக்கையாளர் எங்களுக்குத் தரவேண்டியது சாமானின் விலை. அது ஒரு கணக்கு. நாங்கள் பிந்தியதால் அவருக்கு வந்த நட்டம் இன்னொரு கணக்கு. இரண்டாவதை முதலாவதிலிருந்து கழிக்கலாம். ஆனால் இரண்டாவது இருக்கிறது என்பதற்காக முதலாவது இல்லாமல் போகாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இலங்கையில் சாமான் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் 1893இல் போட்ட சட்டத்தைப் பின்பற்றி இங்கே கொண்டுவந்தது. அதன் போக்கு இதுதான்: சாமான் பிந்தி வந்தால் வாங்குபவர் அதை ஏற்க மறுக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் உண்டு. மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டால் விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். தனக்கு வந்த நட்டத்தை அந்த விலையில் கழித்துக் கேட்கலாம். ‘ஏற்றுக்கொள்வது’ என்றால் வாயால் “சரி” என்று சொல்வது மட்டுமல்ல. சாமானைத் தன்னுடையதாகப் பாவிக்கத் தொடங்குவதும் ஏற்பதுதான். வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருப்பதும் அப்படியே. அந்தப் புடவைக்கடை முதலாளியின் கடையில் தீபாவளிக்கு முதல் நாளே அந்தப் பைகளில்தான் சேலை போனது. எங்கள் டிரைவரின் மனைவியே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

இதை அவரிடம் போனில் சொன்னேனா? இல்லை. சொல்லக்கூடாது.

முதல் அழைப்பு

கோபத்தில் இருக்கும் ஒருவரிடம் சட்டம் பேசினால் அவர் காசையும் தரமாட்டார், அடுத்த ஓடரையும் தரமாட்டார். யாழ்ப்பாணம் சின்ன ஊர். இன்றைக்குப் பில்லுக்குச் சண்டை பிடித்தவரை நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் பக்கத்து இலையில் பார்க்கவேண்டி வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அவரைக் காணாமல் வீதி சுற்ற முடியாது. அதற்காகக் காசை விடவேண்டும் என்று சொல்லவில்லை. பேச்சைத் தொடங்கும் விதத்தைச் சொல்கிறேன்.

நான் சொன்னது ஏறத்தாழ இவ்வளவுதான்: “ஓம் அண்ணை, பிந்தினது உண்மை. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்ல. உங்களுக்கு இதால என்னென்ன நட்டம் வந்தது எண்டு ஒருக்கா எழுதி அனுப்புங்கோ. நானும் எங்கட பக்கத்துக் கடதாசியளைப் பாத்துப்போட்டு நாளைக்குப் பின்னேரம் வந்து கதைக்கிறன்.”

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பிந்தியதை ஒப்புக்கொள்கிறோம், எட்டு நாள் பிந்தியதை யாராலும் மறைக்க முடியாது. நட்டத்தைப் பொறுப்பேற்கவில்லை, எவ்வளவு என்று கேட்கிறோம், அவ்வளவுதான். அப்புறம், ஒரு நாளும் நேரமும் சொல்கிறோம். பிந்திப் போனவர்கள் மறுபடியும் “பாப்பம், கதைப்பம்” என்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில் எங்கள் பொஸ் பக்கத்தில் நின்று, “அப்ப பையைத் திருப்பித் தரச் சொல்லு” என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவருடைய கடைப் பெயர் அச்சிட்ட 2,000 பையைத் திருப்பி வாங்கி நாங்கள் எந்தக் கிடங்கில் அடுக்குவது? கோபம் இரண்டு பக்கமும் வரும்.

போனிலேயே கழிவு தருகிறேன் என்று சொல்வதும் பிழை. “சரி அண்ணை, பத்து வீதம் குறைக்கிறன்” என்று வாயைத் திறந்துவிட்டால் அதுதான் தொடக்க விலை. நட்டம் 5,000 ரூபாயா 50,000 ரூபாயா என்றே தெரியாமல் எதைக் குறைக்கிறீர்கள்?

நட்டத்தை எழுதித் தரச் சொல்வது

முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதாக இருந்தால் இதைப் பிடியுங்கள். “கட்டமாட்டன்” என்பது ஒரு கோபம். அதை ஒரு தொகையாக மாற்றும்வரை பேசுவதற்கு ஒன்றுமில்லை. எழுதச் சொன்னால் மனிதர்கள் தாங்களாகவே எண்ணிப் பார்ப்பார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் அவருடைய கணக்குப்பிள்ளையிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொப்பித் தாளில் நீல மையில் எழுதியது. தீபாவளிப் பையில் பாவிக்காமல் மிஞ்சியது 320, 28,800 ரூபாய். பை வராததால் அவசரத்துக்குக் கஸ்தூரியார் வீதியில் வாங்கிய வெறும் பை 600, ஒன்று 15 ரூபாய்ப்படி 9,000. வியாபாரம் குறைந்தது 40,000. மொத்தம் 77,800.

கவனித்தீர்களா? முதல் நாள் “ஒரு சதமும் கட்டமாட்டன்” என்றவர், தானே எழுதிய கணக்கின்படி 22,200 ரூபாய் தரவேண்டியவராக இருக்கிறார். நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

இந்த 22,200ஐ உடனே கேட்டு வாங்கவேண்டும். தகராறு இல்லாத பகுதி அது. “மிச்சத்தைக் கதைப்பம் அண்ணை, இதில உங்களுக்கும் பிரச்சினை இல்லைத்தானே, இதை இப்ப தாங்கோ” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தருவார்கள். அவர் தந்தார். முழுப் பில்லையும் ஒரு கட்டியாக வைத்து இழுபட்டால், தகராறு இல்லாத காசும் சேர்ந்தே அடைபட்டுக் கிடக்கும்.

காசோலையாகத் தந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கத்திலோ கூட வரும் கடிதத்திலோ “முழுக் கணக்கும் தீர்ந்தது” என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் வங்கியில் போடுவதற்கு முன்னர் போன் எடுத்து, “இது பகுதிக் காசு மட்டும்” என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுப் பிறகு மிச்சம் கேட்டால் வீண் வாக்குவாதம்.

எது நட்டம், எது இல்லை

சரி, அந்தக் கொப்பித் தாளுக்கு வருவோம். மூன்று வரி, மூன்றும் மூன்று ரகம்.

முதல் வரி நேர்மையானது. தீபாவளி வாழ்த்து அச்சிட்ட பையைத் தைப்பொங்கலுக்குக் கொடுக்க முடியாது. பத்து நாள் முன்னரே கொடுத்திருந்தால் 500ம் போயிருக்கும். கொஞ்சம் கொடுமையாக வாதாடுவதென்றால், வாழ்த்தில் வருடம் அச்சிடவில்லை, அடுத்த தீபாவளிக்கு வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நட்டப்பட்டவரும் தன் நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்பது சட்டத்தில் உள்ள விஷயம்தான். ஆனால் யாழ்ப்பாணத்து மாரி ஈரத்தையும் கறையானையும் தாண்டி ஒரு வருடம் கடதாசிப் பையைப் பாதுகாக்கச் சொல்வது நியாயமா என்று எங்களுக்கே தோன்றியது. விட்டுவிட்டோம்.

இரண்டாவது வரி கொஞ்சம் சுவாரசியமானது. 9,000 ரூபாய்க்குப் பை வாங்கினார், பற்றுச்சீட்டும் இருக்கிறது. செலவு உண்மை. ஆனால் அந்த 600 பையைப் பாவித்ததால் எங்கள் பைகளில் 600 அவர் கடையிலேயே மிஞ்சிக் கிடக்கிறது. அதில் பண்டிகை எதுவும் இல்லை, கடைப் பெயர் மட்டும்தான். பிறகு பாவிப்பார். அப்படிப் பார்த்தால் இது செலவே தவிர நட்டம் அல்ல. இந்த வித்தியாசத்தைப் புதிதாகத் தொழில் செய்பவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாங்குபவர் காட்டும் ஒவ்வொரு பற்றுச்சீட்டும் நட்டம் ஆகிவிடாது. நாங்கள் இதையும் அழுத்தவில்லை. பண்டிகை நெருக்கத்தில் பை இல்லாமல் அவர் பட்ட பாட்டுக்கு அந்த 9,000 இருக்கட்டும் என்று பொஸ் சொல்லிவிட்டார்.

மூன்றாவது வரிதான் சிக்கல். “வியாபாரம் குறைந்தது 40,000.” எந்த நாளில், எதனோடு ஒப்பிட்டு? கடைப் பெயர் போட்ட பை இல்லை என்பதற்காகப் பிடித்த சேலையை வைத்துவிட்டு எழும்பிப் போன ஒரு பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இப்படிப்பட்ட கோரிக்கைக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பக்சென்டேல் என்ற வழக்கு. குளொஸ்டரில் ஒரு மா ஆலை. நீராவி இயந்திரத்தின் சுழல்தண்டு உடைந்துவிட்டது. அதே மாதிரி புதிதாகச் செய்வதற்கு உடைந்த தண்டைக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோகும் கொம்பனி சில நாள் பிந்திவிட்டது. அந்த நாட்களில் ஆலை ஓடவில்லை. ஓடாத நாட்களின் இலாபத்தைக் கேட்டு ஆலைக்காரர் வழக்குப் போட்டார். கிடைக்கவில்லை. அந்தத் தண்டு இல்லாவிட்டால் ஆலையே நின்றுபோகும் என்ற நிலைமை கொண்டுபோகிறவருக்குத் தெரியப்படுத்தப்படவில்லை. ஆலைக்காரரிடம் மாற்றுத் தண்டு ஒன்று இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்று நீதிமன்றம் பார்த்தது. பிந்தியதால் இயல்பாகவே வரக்கூடிய நட்டத்தைக் கேட்கலாம். விசேட நட்டம் என்றால், ஒப்பந்தம் செய்யும்போதே இரண்டு பக்கமும் அதை அறிந்திருக்கவேண்டும். எங்கள் 1896ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நட்டத்துக்கான அளவு இதே தடத்தில்தான் போகிறது.

எங்கள் புடவைக்கடை அண்ணையிடம் நான் குளொஸ்டர் கதை சொல்லவில்லை. “அந்த நாற்பதுக்கு ஏதும் கணக்குக் காட்ட ஏலுமே அண்ணை?” என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டு, அந்த வரியைத் தானே பேனையால் வெட்டினார். எழுதும்போதே அவருக்கும் தெரிந்திருக்கும். மிஞ்சியது 37,800.

யார் எத்தனை நாள் பிந்தினது?

பிந்திய எட்டு நாளும் எங்கள் பிழையா என்று பார்க்க ஃபைலைத் திறந்தேன். ஒரு ஓடருக்கு எங்களிடம் இருக்கவேண்டியது நான்கு கடதாசி: விலை சொல்லி எழுதியது, ஓடர் படிவம், புரூஃபுக்கு (அச்சடிக்க முன்னர் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) வந்த சம்மதம், டெலிவரி நோட். இதில் புரூஃப் சம்மதம் வட்ஸ்அப்பில் இருந்தது. அது போதுமா என்று பலர் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னணுச் செய்தி என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் போனை மாற்றும்போது செய்திகள் அழிந்துபோகும். அதனால் படமெடுத்து ஓடர் படிவத்தோடு குத்தி வைப்பது என் பழக்கம்.

அந்தச் செய்தியைப் பார்த்தபோதுதான் ஒன்று வெளிச்சமானது. புரூஃப் அனுப்பினால் ஒரு நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று ஓடர் படிவத்திலேயே இருக்கிறது. அவருடைய பதில் நான்காம் நாள்தான் வந்தது. “பெயருக்குக் கீழ போன் நம்பரையும் போடுங்கோ” என்று. எட்டில் மூன்று நாள் அவருடையது.

மிச்ச ஐந்து நாள் எங்களுடையது. கொழும்பிலிருந்து வரவேண்டிய பேப்பர் ரீல் வரவில்லை. ஆனால் இது வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடிய காரணமே தவிர, அவர் தலையில் கட்டக்கூடிய காரணம் அல்ல. எங்களுக்குப் பேப்பர் தருபவர் பிந்தினால் நாங்கள் அவரோடுதான் கணக்குத் தீர்க்கவேண்டும்.

“எங்கள் கையில் இல்லாத காரணம்” என்ற பேச்சு எப்போது எடுபடும்? 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்றோம். அந்த வருட நடுவில் லொறி வரவில்லை என்று யாராவது சொன்னால் எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அந்த வரிசையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடரை எடுத்து, திகதியும் கொடுத்துவிட்டு, பிறகு “டீசல் இல்லை” என்றால் அது எதிர்பாராதது அல்ல. கார்த்திகை, மார்கழி மழையும் அப்படித்தான். வருடா வருடம் வருகிற ஒன்றைச் சாட்டுச் சொல்ல முடியாது. வெள்ளம் வந்து வீதியே மூடப்பட்டால் வேறு கதை. அப்போதும் அன்றைக்கே அறிவித்திருக்கவேண்டும்.

டெலிவரி நோட் இன்னொரு பாடம். கடைப் பெடியன் ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தான், திகதி போடவில்லை. எந்த நாள் இறக்கியது என்பதை எங்கள் டிரைவர் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் கொண்டுதான் உறுதிப்படுத்தினோம். பைக் கட்டுகள் கடை வாசலில் அடுக்கியிருக்க, பின்னால் வாழைக்குலைகளும் மின்விளக்கு மாலையும். இப்போது டெலிவரி நோட்டில் திகதிக்கும் நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறோம்.

எல்லாத் திகதியும் ஒரே மாதிரி இல்லை

அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை. பில் புத்தகம் ஒரு கிழமை பிந்தினால் கடைக்காரர் முணுமுணுப்பார், பழைய புத்தகத்தில் சமாளிப்பார். கலண்டர் தை மாதம் 6ஆம் திகதி போனால்? சனம் தை முதலாம் திகதிக்கு முன்னரே சுவரில் ஆணி அடித்து வேறொருவருடைய கலண்டரைத் தொங்கவிட்டிருக்கும். கலியாணக் காட் கலியாணத்துக்கு அடுத்த நாள் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. திகதி அந்த ஒப்பந்தத்தின் உயிரா இல்லையா என்பது, என்ன பேசி ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரிகளுக்கிடையே சாமான் தரும் திகதியைப் பொதுவாகக் கடுமையாகவே எடுப்பார்கள். உயிரான திகதி தவறினால் வாங்குபவர் சாமானையே வேண்டாம் என்று திருப்பிவிடலாம். திகதியே பேசவில்லை என்றால் நியாயமான காலத்துக்குள் கொடுக்கவேண்டும். அந்த ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்பதுதான் பிறகு சண்டையாகும். ஆகவே “கெதியாத் தாறம்” என்று சொல்லி ஓடர் எடுப்பதைப் போலப் பொல்லாத பழக்கம் வேறு இல்லை.

இன்னொன்று. பிந்தப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே சொல்வது. பேப்பர் வரவில்லை என்று எங்களுக்குத் தெரிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குச் சொன்னோம். அன்றைக்கே சொல்லியிருந்தால், “அப்ப வாழ்த்துப் பையை முதல் அடிச்சுத் தாங்கோ, மற்றது பிறகு பாப்பம்” என்று அவர் சொல்லியிருப்பார். இருந்த பேப்பரில் 500 அடித்திருக்கலாம். 28,800 ரூபாய்த் தகராறு பிறந்திருக்கவே மாட்டாது. இதை அவர் கடைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொல்லிக்காட்டினார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

முடித்து வைப்பது

37,800இல் எட்டில் ஐந்து பங்கு 23,625. அதை 25,000 ஆக்கிச் சொன்னோம். வருடம் முழுக்கப் பில் புத்தகமும் விசிட்டிங் காட்டும் எங்களிடம் அடிக்கும் மனிதர். 1,375 ரூபாய்க்காக மற்றொரு நாள் போய்க் கதைக்கும் நேரத்தில் நான் வேறு இரண்டு பில்லைச் சேகரித்துவிடலாம். ஒரு லட்சத்தில் 25,000 போக 75,000. முன்னர் தந்தது 22,200. மிச்சம் 52,800. அன்றைக்கே 30,000 தந்தார், 22,800க்கு அடுத்த மாதத் திகதியிட்ட காசோலை ஒன்று எழுதினார்.

பேசி முடிந்ததும் கடைப் படியில் நின்றபடியே இப்படி அனுப்பினேன்: “வணக்கம் அண்ணை. இன்று கதைத்ததன்படி, பைகள் பிந்தியதற்காகப் பில்லில் 25,000 ரூபாய் குறைக்கிறோம். குறைத்தபின் மிச்சம் 75,000. இதில் 22,200 முன்னர் கிடைத்தது, 30,000 இன்று கிடைத்தது. 22,800க்குக் காசோலை பெற்றுக்கொண்டோம். இத்துடன் இந்த ஓடர் பற்றி இரு பக்கத்துக்கும் வேறு கோரிக்கை இல்லை. சரியென்றால் ஒரு பதில் போடுங்கோ.” பெருவிரல் படம் ஒன்று வந்தது. “எழுத்தில ‘சரி’ எண்டு போடுங்கோ அண்ணை” என்று கேட்டு வாங்கினேன். வாக்கு மாறுகிறவர் என்பதற்காக இல்லை. இரண்டு வருடம் கழித்து அந்த ஃபைலைப் பார்க்கப்போவது நானோ அவரோ இல்லாமல் வேறு யாராவதாக இருக்கலாம்.

கணக்கில் செய்யவேண்டியது: பழைய பில்லைக் கிழித்துப்போட்டு 140,000க்குப் புதிதாக எழுதக்கூடாது. அது அப்படியே இருக்க, 25,000க்கு ஒரு கிரெடிட் நோட் (பில்லில் குறைத்த தொகையைக் காட்டும் சீட்டு) எழுதி, பில் இலக்கத்தையும் காரணத்தையும் அதில் குறிக்கவேண்டும். வற் வரிக்குப் பதிந்த நிறுவனம் என்றால் இதில் இன்னும் கவனம்; 2024 தை முதல் வீதம் 18 ஆகியிருக்கிறது, குறைக்கும் தொகையோடு அதற்குரிய வரியும் குறையவேண்டும். அதை உங்கள் கணக்காளரிடம் விட்டுவிடுங்கள்.

தரவே மாட்டேன் என்றால்

எல்லோரும் புடவைக்கடை அண்ணை மாதிரி இருப்பதில்லை. இரண்டு தரம் நேரில் போயும் எழுதியும் பயன் இல்லை என்றால், தொகையையும் திகதியையும் குறித்து ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவது அடுத்த படி. சட்டத்தரணி மூலம் போனால் கனம் கூட. விட்டுக்கொடுத்துத் தீர்க்க முன்வரும் கடிதம் என்றால், அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துவிடாதபடி தலைப்பில் என்ன போடவேண்டும் என்பதை அவர் சொல்வார். அந்த ஒரு விஷயத்தை நீங்களாக எழுதிப் பார்க்கவேண்டாம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. ஊரில் பழைய ஆட்கள் இணக்க சபை என்பார்கள். குறித்த தொகைக்கு உட்பட்ட பல காசுத் தகராறுகளுக்கு முதலில் அங்கே போகவேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். இருந்து கதைக்க வைப்பார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். “சபைக்குப் போவம்” என்று சொல்வதை மிரட்டலாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கென்றால், நேருக்கு நேர் பேசிக் களைத்தவர்களுக்கு நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர் இருப்பது ஆறுதலாகத்தான் படுகிறது.

எதற்கும் ஒரு திகதியை மனதில் வையுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த சாமானுக்கும், கடைப் பில்லுக்கும், செய்து கொடுத்த வேலைக்கும் காசு கேட்டு வழக்குப் போடுவதற்கு இருக்கும் காலம் கடன் தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம் மட்டும்தான். எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். வெறும் பில்லையும் டெலிவரி நோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, “அவர் நல்ல மனிசன், எப்பிடியும் தருவார்” என்று இரண்டு தீபாவளியைக் கடத்தினால், நல்ல மனிதரின் மகன் கடையைப் பொறுப்பெடுத்தபின் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இடையில் கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டாலோ பகுதிக் காசு தந்தாலோ காலம் திரும்பவும் எண்ணத் தொடங்கக்கூடும். 22,200ஐ முதலில் வாங்கியதற்கும், அந்தக் கொப்பித் தாளின் படத்தை அழிக்காமல் வைத்திருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். எந்த வகைக்குள் உங்கள் கடன் விழும் என்பதைப் பத்தாவது மாதத்துக்குள்ளாவது ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் ஓடர் படிவம் இப்போது கொஞ்சம் நீளம். “என்ன விசேடத்துக்கு?” என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. தீபாவளி, பொங்கல், கடை திறப்பு, திருவிழா என்று எழுதவேண்டும். குளொஸ்டர் ஆலைக்காரர் சொல்லாமல் விட்டதை வாடிக்கையாளர் இங்கே சொல்லிவிடுகிறார். எங்களுக்கும் எந்த ஓடரை முதல் மெஷினில் ஏற்றவேண்டும் என்று தெரிகிறது. புரூஃப் பதில் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் டெலிவரி திகதி ஒரு நாள் தள்ளும் என்று அடுத்த வரி. எங்களால் பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு கழிவு, ஆனால் பில்லில் பத்து வீதத்துக்கு மேல் போகாது என்று அதற்கடுத்தது. பொஸ் அந்தக் கடைசி வரிக்கு ஒரு கிழமை சம்மதிக்கவில்லை. “நாங்களே பிந்துவம் எண்டு எழுதிக் குடுக்கிறதோ?” என்று கேட்டார்.

மார்கழியில் புடவைக்கடை அண்ணை பொங்கல் பைக்கு வந்தார். புதுப் படிவத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். விசேடம் என்ற இடத்தில் ‘தைப்பொங்கல்’ என்று தானே எழுதி, அதற்குக் கீழே இரண்டு தரம் கோடு இழுத்தார். புரூஃபுக்கு அவருடைய பதில் நாற்பது நிமிடத்தில் வந்தது.